கடலுண்டாளும் தாடைக்கணக்கும்

சேந்தன்துறையில் கடல் முதன்முதலாகப் பின்வாங்கியபோது டெல்பின் மொட்டைமாடியில் பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஐஸ் பிளாண்ட் வாசலில் ஒரு மீன்வண்டி நின்றது. அதன் டிரைவர், வழியெல்லாம் கேட்டும் சலிக்காத புதுப்பாட்டு ஒன்றை ஊருக்கே கேட்கும்படி அலறவிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். அந்தப் பாட்டில் ஒரு பெண்குரல் பறையடியின் மேல் ஏறி நின்று,

சுண்டுவிரலில் தொடங்கித்
தாடையில் தட்டித் தட்டி
மாசம் எண்ணினானே மாலுமி
மகள் முகம் பார்க்கும் முன்னே

என்று பாடியதும் டெல்பின் கையிலிருந்த துணி நழுவிப் போனது. கடலும் போனது.

சத்தமில்லாமல் போனது. அழைக்காத வீட்டுக்குள் நுழைந்துவிட்ட விருந்தாளி, பேச்சு திசைமாறுவதைப் பார்த்துக் காலைப் பின்னால் வைத்துப் படியிறங்குவதுபோல, கலங்கரை விளக்கு தாண்டி, பாறைத்திட்டு தாண்டி, கண்ணுக்கு ஒரு நீலக்கோடாக நிற்கும் தூரத்துக்குப் போய் நின்றது. நங்கூரமிட்டிருந்த வள்ளங்கள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்தன. பெரிய அலை வந்த வருஷத்தை ஊர் மறக்கவில்லை. கடல் உள்வாங்கினால் அடுத்து என்ன வரும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எனவே ஊர் முழுவதும், அடுப்பில் சோற்றுப்பானையும் கயிற்றில் வலையும் கிடக்க, கோயில் மேட்டுக்கு ஓடியது. மணிக்கூண்டின் கீழ் எல்லோரும் கூட, ஜெபமாலையைக் கையில் பிடித்தவர்கள் முதல் மணியிலேயே விரல் உறைந்து நிற்க, பாட்டு முடிந்தது. டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தான். மேயப்போன மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற நடையில் கடல் வந்து, வள்ளங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்து, பழைய இடத்தில் படுத்துக்கொண்டது.

டெல்பின் மட்டும் ஓடவில்லை. உள்ளே தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, ஓடியிருக்க வேண்டும். ஆனால் பாட்டையே கேட்டு நின்றாள். அந்தப் பாட்டின் நாலு வரியும் அவளுடையவை. ஆஸ்பத்திரிப் படுக்கையில், தையல் வலியோடு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் அவள் சொன்ன சொற்கள். தன் மானம் போனதைத் தாங்கமாட்டாமல்தான் கடல் எழுந்து போய்விட்டது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு பின்னால் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லியும் அவளைவிட்டுப் போகவில்லை.

பாட்டு கடலுண்டாளைப் பற்றியது. அவளை அந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அவள் மனப்பாடப் பகுதி. நெடுநாள் கழித்துத் திரும்பிய முத்து வணிகன் ஒருவன், வீட்டில் ஒரு தொட்டில் ஆடுவதைக் கண்டு, துறையில் பேசிய பேச்சையும் கேட்டு, மனைவியைக் கரைக்கு அழைத்துப் போய், நீ மெய்யானவள் என்றால் இந்தக் கடலைக் குடித்துக் காட்டு என்கிறான். அவள் மண்டியிட்டு இரு கையாலும் அள்ளிக் குடிக்கிறாள். கப்பல்கள் தரை தட்டுகின்றன, சுறாக்கள் மணலில் புரளுகின்றன, வணிகன் நம்புகிறான், அவள் சாகிறாள். சாகும்போது சிரித்தாள் என்று செய்யுள் சொல்கிறது. அந்தக் காப்பியத்தில் கப்பலுக்குப் பெயர் உண்டு, வணிகனுக்கு உண்டு, கப்பலில் இருந்த கிளிக்குக்கூட உண்டு. அவளுக்கு மட்டும் கிடையாது. குடித்ததால் கடலுண்டாள்.

கான்வென்டில் அந்தப் பாடம் நடந்த அன்று, கடைசி பெஞ்சிலிருந்து இம்மாகுலேட் எழுந்து, "சிஸ்டர், அவ்வளவையும் குடிச்சிட்டு அவ எங்க வச்சா?" என்று கேட்டாள். வகுப்புக்கு வெளியே முழங்காலில் நிறுத்தப்பட்டாள். பக்கத்தில் இருந்து சிரித்ததற்காக டெல்பினும் நிறுத்தப்பட்டாள். சிமெண்டுத் தரையில் முழங்கால் சிவக்கச் சிவக்க இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆனார்கள். நீல ரிப்பனில் மாதா பதக்கம் தொங்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ரகசியம் கேட்கப் போகிறவள் தன் பதக்கத்தைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். கேட்டு முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பதக்கம் கடித்துக் கேட்டதை வெளியே சொன்னால் நாக்கு கறுத்துப்போகும்.

இம்மாகுலேட் மெட்ராசுக்குப் போய் 'இமை' என்ற பேரில் பாடகியானாள். பழைய செய்யுள்களில் செத்தும் காத்தும் கல்லாகியும் போன பெண்களை ஒவ்வொருத்தியாக எழுப்பி, காலில் பூட்ஸ் மாட்டி, கையில் பறை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். நாட்டில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாம் அவளுக்காக உயிரை விட்டார்கள். அவளுடைய கடலுண்டாள் சாகவில்லை. குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்ந்த கடல்தரையில் நடந்து அக்கரைக்குப் போய்விடுகிறாள். கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செடுக்கும். அந்த நாலு வரி மட்டும் இல்லையென்றால் டெல்பினுக்கும் எடுத்திருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். பிள்ளை நாள் முந்திப் பிறந்தது. கப்பலில் என்ஜின் வேலையில் இருந்த அவள் புருஷன் காஸ்பர், சேதி கேட்டு, டீசல் வாடை போகாத சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். டெல்பின் அரைக்கண் மூடிக் கிடந்தாள். தொட்டிலின் முன் நின்றவன், குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், வலதுகையைத் தாடைக்குக் கொண்டுபோய், சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தாடையில் தட்டினான். உதடு அசைந்தது. தட்டி முடித்துவிட்டுக் குனிந்து பிள்ளைக்கு முத்தம் கொடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்று ஊர் சொல்லும்.

அவள் அதை இம்மாகுலேட்டுக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் போன் செய்து, பதக்கம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லி, போனுக்கு அந்தப் பக்கம் பல்லில் உலோகம் படுகிற சத்தத்தைக் கேட்கவைத்தாள் சிநேகிதி.

இனி இது தன் கதை என்று யாராவது கண்டுகொண்டால் போதும். தூக்க வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையின் மூக்கைத் தனியாக, காதைத் தனியாக, நிறத்தைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எண்ணியவன் மறுபடி எண்ணுவான். பிள்ளைக்கும் தனக்கும் இருக்கிற ஒரு வீடு, அதன் கதவு, கதவுக்குப் பின்னால் உள்ள தொட்டில் கம்பி, எதுவும் நிற்காது. டெல்பின் அதை நினைத்து நினைத்து, பிள்ளை மூச்சுவிடுகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு வரும். தன் மூச்சு எங்கே என்று தேடுவாள்.

ஊர் என்றால் எதையும் இரண்டு வாரத்தில் செரித்துவிடும். அந்தப் பாட்டை எங்கே சத்தமாகப் போட்டாலும் கடல் போகும், நிறுத்தினால் வரும் என்று தெரிந்ததும், முதலில் கடல்தொழிலுக்குப் போகிறவர்கள் பாட்டுப்பெட்டிகளை உடைப்பதாகச் சொன்னார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை அண்ணாச்சி கூட்டம் போட்டார். பங்குச்சாமியார், கடல் கர்த்தருடைய சொத்து, பாட்டுக்கு அசைந்தால் அது அவர் விருப்பம் என்று சொல்லி நழுவினார். கடைசியில் வள்ளங்கள் கரையேறி ஏலம் முடியும்வரை பாட்டு கூடாது என்றும், சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில் குழாய் ஸ்பீக்கரில் போடலாம் என்றும், அந்தியில் திருந்தாதி ஜெபத்துக்கு மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்றும் தீர்மானமாயிற்று. மாதா திருவிழா நாட்களில் போடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் இரண்டு கட்சி இருந்தது.

அதற்குப் பிறகு நாலு மணி ஆனால் ஊரே கடலுக்குள் நடந்தது. இளவட்டங்கள் பாறைத்திட்டுக்கும் கடலுக்குள் நீளும் பழைய தூண்டில் பாலத்துக்கும் நடுவே கிரிக்கெட் பிட்ச் போட்டார்கள். பெண்கள் சிப்பி பொறுக்கினார்கள். காணாமல்போன வலைகளும், அறுந்துபோன நங்கூரங்களும், மூத்தவர்களின் பல்செட்டும், கோபத்தில் யாரோ எறிந்த தாலிச்சங்கிலியும் கிடைத்தன. சங்கிலிக்கு மட்டும் யாரும் உரிமை கேட்டு வரவில்லை. கல்யாண ஜோடிகள் கடல்தரையில் நின்று போட்டோ எடுத்தார்கள். பட்டாணிச் சுண்டல் விற்கிறவர்கள் திருச்செந்தூரிலிருந்து வந்தார்கள். வெளியூர் வாத்தியார் ஒருவர் வந்து, மூலச் செய்யுளில் கடலுண்டாள் சாகத்தான் செய்கிறாள், இப்படி நடக்கவிடுவது மரபுக்குத் துரோகம் என்று மைக் பிடித்தார். மீன்விற்கும் அமலோற்பம் அவரைப் பார்த்து, "சாவுறத நீரு பாத்தீரோ? பாத்தும் ஒரு வாய்த்தண்ணி குடுக்காமலா நின்னீரு?" என்று கேட்டதோடு அவர் சுண்டல் வாங்கப் போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆட்டம். பாட்டின் வீடியோவில் இமை வலதுகையைத் தாடைக்குக் கொண்டுபோய், சுண்டுவிரலில் தொடங்கித் தட்டி, கட்டைவிரல் வந்ததும் கையை உதறி எறிவாள். அதைத்தான் நாடே ஆடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடின, நர்ஸுமார் ஆடினார்கள், போலீஸ் ஸ்டேஷனில் ஆடிய வீடியோ ஒன்றும் வந்தது. காய்ந்த கடலின் நடுவில் சேந்தன்துறைப் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்று தாடையில் தட்டும்போதெல்லாம் டெல்பின் மொட்டைமாடியில் பிள்ளையின் காதைப் பொத்துவாள்.

அவளுடைய மாமியார் ரோணிக்கம்மா அந்த ஆட்டத்தை வெகுநாள் கவனிக்கவில்லை. கவனித்த அன்று இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"இந்தா புள்ள, இது நம்ம வீட்டுக் கணக்குல்லா!"

டெல்பின் பிள்ளைக்குப் பருப்பு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"உங்க மாமனாரு ஏலத்துல நிப்பாரு. ஒரு கையில வலக்கயிறு. மத்த கையில செதிலா இருக்கும். எந்தத் துணியில தொடைக்க? தாடையில தட்டித் தட்டித்தான் கூடை எண்ணுவாரு. சுண்டுவிரல்ல தொடங்குவாரு, ஊருல எல்லாவனும் கட்டைவிரல்ல தொடங்கையில! தாடைக்கணக்கு வீடுன்னே நமக்குப் பேரு. காஸ்பருக்கும் அதே கை. பாரேன், மெட்ராஸ்காரி நம்ம கணக்க எங்க புடிச்சான்னு!"

"மாமி, அது சும்மா ஆட்டம்."

"சும்மாவா? உலகமே ஆடுது! அந்த இம்மாகுலேட்டு உன் கூட்டாளிதான? நம்ம வீட்டுக்கு வந்தப்ப பாத்திருப்பா. நன்றி கெட்டவ, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

ரோணிக்கம்மா அதோடு விடவில்லை. நல்லதண்ணிக் குழாயடியில் சொன்னாள், ஐஸ் பிளாண்டில் சொன்னாள், பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சொன்னாள். தாடையில் தட்டிக் காட்டினாள். "எங்க வீட்டுக் கணக்காக்கும். எங்க காஸ்பரு தட்டுறதப் பாத்தா தெரியும்." ஊர் ஆமாம் ஆமாம் என்றது, தலையை ஆட்டியது, பெருமைப்பட்டது. வீட்டுக்குப் போய்ப் பாட்டை இன்னொரு தடவை கேட்டது. கை தாடைக்கணக்கு வீட்டுக் கை என்றால், மாலுமி யார், மகள் யார், எண்ணப்பட்டவள் யார் என்று பாட்டே சொல்லிற்று. அடுத்த நாள் பிள்ளையைத் தூக்க வந்த பெண்கள் இரண்டு நிமிஷம் அதிகமாகப் பார்த்தார்கள். தன் கையாலேயே தன் வீட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டிருப்பது ரோணிக்கம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை. டெல்பினால் சொல்லவும் முடியவில்லை.

இப்படி இருக்கும்போது இரண்டு சேதி ஒன்றாக வந்தன. காஸ்பர் லீவில் வருகிறான். இமை, பாட்டுக்குக் கடல் போகிற ஊரில், கடல்தரையிலேயே மேடை போட்டுப் பாட வருகிறாள். தொம்மை அண்ணாச்சி பந்தலுக்குச் சொன்னார். வாழைமரம் கட்டினார்கள். கடலடியில் வாழைமரம் கட்டிய ஊர் வேறு ஏது என்று கமிட்டியில் ஒருவர் கண்கலங்கினார்.

காஸ்பர் பிள்ளைக்குப் பொம்மையும் அம்மாவுக்குப் போர்வையும் வாங்கி வந்தான். பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "கப்பல்ல பிலிப்பைன்ஸ்காரன்கூட ஆடுறான். என்ஜின் ரூம்ல பாட்டு எங்க கேக்கு, டமடமன்னு அடிதான் கேக்கும்" என்றான். டெல்பின் அந்த என்ஜினுக்கு மனசுக்குள் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னாள்.

மேடை நாளன்று மட்டும் விடிந்ததிலிருந்தே ஸ்பீக்கரில் பாட்டைப் போடக் கமிட்டி அனுமதித்திருந்தது. மத்தியானம், கடல்தரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். இமை ஒரு பெண்ணிடம் முகத்தைக் கொடுத்துப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில், கறுப்புக் கயிற்றில், அந்த மாதா பதக்கம். இப்போது கடைகளில் அதேபோல் விற்கிறார்களாம்.

"ஏட்டி டெல்பி! ஐயோ, இதுதான் அந்த வாண்டா? குடு, குடு."

டெல்பின் பிள்ளையைக் கொடுக்கவில்லை. "பதக்கம் கடிச்சுத்தானட்டி கேட்ட."

இமை கண்ணாடியில் பார்த்தபடியே, பூசுகிற பெண்ணை வெளியே போகச் சொன்னாள்.

"உன் பேரு எங்கயாவது இருக்கா? சொல்லு. ஊரு பேரு இருக்கா?"

"அவரு கை இருக்கு."

"அது இல்லாம பாட்டு பொணமாக் கெடந்துச்சுட்டி. ரெண்டு மாசமா அவள எழுப்புறேன், கடலுண்டாள, எந்திரிக்கவே மாட்டேங்கா. செய்யுள்ல செத்தவ செத்தவதான்னு விட்டுட்டேன். உன் மெசேஜ் வந்துச்சு. எந்திரிச்சு உக்காந்துட்டா." இமையின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "எத்தன பொம்பளைங்க எனக்கு எழுதுறாங்க தெரியுமா, எங்க வீட்லயும் இப்படித்தான் எண்ணுனாங்கன்னு? நீ ஒருத்திட்ட சொன்ன. நான் எல்லாருக்கும் சொன்னேன்."

"எனக்கு ஒருத்திதான் வேணும்னு இருந்துச்சு."

இமை பூச்சு டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, "பேசாம எங்கூட வந்துரு. பாட்டுல அவ பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுத்தான கெளம்புறா?" என்றாள்.

"பாட்டுல பால்பவுடர் வாங்க வேண்டாம்."

இமை சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். டெல்பின் அதைப் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் மனப்பாடம் செய்யும்போது அவள் உதடு இப்படித்தான் அசையும். டெல்பின் பிள்ளையை இறுக்கிக்கொண்டு கேரவனைவிட்டு இறங்கினாள். காலடியில் கடல்தரை ஈரமாக இருந்தது.

சாயங்காலம் சேந்தன்துறை மட்டுமல்ல, கரையோரத்து ஊர்கள் எல்லாம் கடலுக்குள் இறங்கி நின்றன. ஸ்பீக்கரில் பாட்டு ஓயுமுன்னே மேடையில் இமை பாடத் தொடங்கினாள். நாலு வரி வந்தது. கூட்டம் முழுவதும் தாடையில் தட்டிற்று. பாட்டின் நடுவில், பறையைத் தணித்து வாசிக்கச் சொல்லிவிட்டு, தொம்மை அண்ணாச்சி மைக் பிடித்தார்.

"இந்த ஆட்டம் எந்த வீட்டுச் சொத்துன்னு நமக்கெல்லாம் தெரியும். தாடைக்கணக்கு வீட்டு மகன் காஸ்பர் மேடைக்கு வந்து, அசல் எப்படின்னு ஒரு தடவ தட்டிக் காட்டணும்!"

இமையின் முகம் வெளிறியது. டெல்பின் காஸ்பரின் சட்டையைப் பிடித்தாள். ரோணிக்கம்மா அவள் கையைத் தட்டிவிட்டு, "போலே, அப்பா பேரக் காப்பாத்து" என்று மகனை முதுகில் தள்ளினாள். காஸ்பர் கூச்சத்தோடு மேடையேறினான். வலதுகையைத் தாடைக்குக் கொண்டுபோனான். சுண்டுவிரல். மோதிரவிரல். கூட்டம் கத்தியது. நடுவிரல் வந்தபோது அமலோற்பம் முன்வரிசையிலிருந்து, வழக்கமான ஏலக்குரலில், "கூடையாலே எண்ணுன, காஸ்பரு? என்னத்தலே எண்ணுன?" என்று கேட்டாள்.

சிரிப்பு எழுந்தது. எழுந்த சிரிப்பு போகப்போகத் தேய்ந்து, பின்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் இல்லாமல் போயிற்று. காஸ்பரின் விரல் தாடையிலேயே நின்றது. ஸ்பீக்கருக்கு அடியில் அவன் முதல்தடவையாகப் பாட்டின் சொற்களை யோசித்தான் என்பது முகத்தில் தெரிந்தது. அவன் கண் கூட்டத்தில் டெல்பினைத் தேடியது. கூட்டத்தின் கண்ணும் தேடியது. கடலுண்டாளைச் சுற்றித் துறை மக்கள் நின்றது போலவே நின்றார்கள்; செய்யுளில் அந்த வரிக்குப் பரீட்சையில் இரண்டு மார்க்.

டெல்பின் பிள்ளையோடு மேடையேறினாள். எப்படி ஏறினாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. அதற்குப் போக வேறு இடம் இல்லாததால் அதுவும் கூட ஏறிற்று.

"என்னையத்தான் எண்ணுனாரு" என்றாள். "பாட்டுல இருக்கது என் வார்த்த. நான் ஒருத்திட்ட சொன்னது."

"நீ முழிச்சா கெடந்த?" என்றான் காஸ்பர். அவளிடம் மட்டும்தான் கேட்டான். மைக் அதை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் வைத்தது. "எண்ணுனேன் டெல்பின். இல்லங்கல. சரியா வந்துச்சு. அதுக்கப்புறம் உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பனா?"

அவன் அதை நியாயமாகத்தான் சொன்னான். தன் கணக்கில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று காட்டுகிறவனைப்போல உள்ளங்கையை விரித்துக்கூடக் காட்டினான்.

"சரியா வராம இருந்திருந்தா?" என்று கேட்டாள் டெல்பின்.

அவன் விரித்திருந்த கையை மடக்கிக்கொண்டான். பிள்ளைதான் வீறிட்டது. மேடைக்குப் பின்னால் இமை பறைக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர்கள் அந்த அழுகைக்கு அடியில் தாளத்தை மெதுவாக, மிக மெதுவாக, ஏற்றினார்கள். பாட்டு நிற்கவில்லை. நிற்காமலேயே கடல் வந்தது.

வாழைமரத்தின் அடி நனைந்ததைத் தொம்மை அண்ணாச்சிதான் முதலில் பார்த்தார். கணுக்கால், முட்டி என்று அது நிதானமாக ஏறியது. ஊர் கத்திக்கொண்டு கரைக்கு ஓடியது. ஒரு உயிருக்கும் சேதமில்லை. கடல் எல்லோரையும் முன்னால் விட்டுத்தான் பின்னால் வந்தது. ஜெனரேட்டர் போயிற்று, பந்தல் போயிற்று, கேரவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. யார் குடித்ததையோ யாரோ திருப்பிக் கொடுத்ததுபோல, முன்னைவிட ஒரு சாண் அதிகமாகவே கடல் நிரம்பி நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை எவ்வளவு சத்தமாகப் போட்டாலும் அது அசையவில்லை.

ஊர் அதையும் செரித்தது. ஆனால் இந்தத் தடவை யார் மேலாவது வருத்தம் வேண்டியிருந்தது. கிரிக்கெட் டீம் டெல்பினைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொண்டது. சிப்பி பொறுக்கிய பெண்கள், "நல்லா இருந்த ஒண்ண வாயாலயே கெடுத்துட்டா" என்றார்கள். சங்கதி வீட்டோடு இருந்திருந்தால் கடல் இன்னமும் நாலு மணிக்குப் போயிருக்கும் என்று தொம்மை அண்ணாச்சி கமிட்டியில் சொன்னதாகச் சேதி வந்தது. காஸ்பர் லீவு முடியுமுன்னே கப்பலுக்குப் போனான். போகிற அன்று பிள்ளையை வெகுநேரம் தூக்கி வைத்திருந்தான், இரண்டு கையாலும், விரல்களை மடக்கி. பணம் மாதாமாதம் வந்தது. குரல் வரவில்லை.

ரோணிக்கம்மா பல நாள் பேசவில்லை. பேசிய அன்று, மீன் அறுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"என்னையும்தான் அவரு எண்ணுனாரு, புள்ள. இதே காஸ்பரு பொறந்தப்ப. நான் செவுத்துக்கிட்டகூடச் சொல்லல."

டெல்பின் அவள் பக்கத்தில் உட்காரப் போனாள்.

"அதனாலதான் எனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கு" என்று முடித்தாள் ரோணிக்கம்மா. அரிவாள்மணையைக் கழுவி, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்து முதல் வெயில் அடித்த ஒரு நாள், டெல்பின் மறுபடியும் மொட்டைமாடியில் பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. ஐஸ் பிளாண்ட் வாசலில் மீன்வண்டி வந்து நின்றது. இமையின் புதுப்பாட்டு. இந்தத் தடவை வேறொரு காப்பியத்துப் பெண், ஆற்றங்கரையில் புருஷன் விட்டுவிட்டுப் போனவள். பறை மெதுவாக, மிக மெதுவாக, ஏறிற்று. "சரியா வராம இருந்திருந்தா?" என்று கேட்டது இமையின் குரல், மறுபடி கேட்டது, நூறு பெண்குரல்கள் சேர்ந்து கேட்டன. பால்பவுடரைப் பற்றி ஒரு வரி வந்தது. கடைத்தெருவில் யாரோ அதற்கு விசிலடித்தார்கள். பிறகு எல்லாச் சத்தமும் நின்று, ஒரு குழந்தையின் அழுகை மட்டும், சுத்தமாக, கிட்டத்தில், வீறிட்டது.

டெல்பின் கடலைப் பார்த்தாள். அது படுத்த இடத்தில் படுத்திருந்தது. ஒரு சாண்கூட நகரவில்லை.

பிள்ளை கம்பை விட்டது. தன் அழுகை தெருவிலிருந்து தனக்கே வருவதை வாய் திறந்து கேட்டது. பிறகு மெல்லத் திரும்பி, பதக்கத்தைக் கடிக்கச் சொல்லி எல்லாவற்றையும் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, அது ஊரெல்லாம் கேட்ட பிறகு, வாங்கிக்கொண்டவளைத் திரும்பிப் பார்க்கும் கண்ணோடு, தன் அம்மாவைப் பார்த்தது.